கேழ்வரகு சாக்லேட் பிஸ்கட்: கெட்டுப்போன நான்கு தட்டுகளும் தேறிய ஒன்றும்

பங்குனிக் கடைசியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் நடுவே வாசற்படியில் நிற்கிறேன். மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், கடைசியாக இனிப்பு தின்பது உண்டா என்று கேட்டார். மாலைக் காப்பியோடு மூன்று சாக்லேட் பிஸ்கட் என்று ஒப்புக்கொண்டேன். உண்மையில் ஐந்து.

அடியோடு நிறுத்துவது என் சுபாவத்துக்கு ஒத்துவராது. ஒன்பது நாள் வைராக்கியமாக இருப்பேன், பத்தாம் நாள் பாக்கெட்டோடு உட்கார்ந்துவிடுவேன். ஆகவே உள்ளே என்ன போகிறது என்று தெரிந்து, வீட்டிலேயே செய்து தின்பது என்று முடிவு செய்தேன். மதுரை திருநகர் வீட்டில் மூன்று வருடமாகத் துணி மூடிக் கிடந்த சின்ன ஓவன் இருந்தது. மகனுக்குப் பள்ளி விடுமுறை, தராசு பிடிக்க ஆள் கிடைத்தது. தீர்ப்புச் சொல்ல என் மாமியார், 76 வயது அத்தை. (குக்கீ என்று எழுதலாம்தான். ஆனால் எங்கள் ஊர் பேக்கரி ஜாடிக்குள் இருக்கிற எல்லாமே பிஸ்கட்தான். வேறு பெயர் எழுதினால் எனக்கே யாரோ பேசுவது போல இருக்கிறது.)

முதலில் வழக்கமான கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பரவலாகப் புழங்கும் செய்முறை ஏறக்குறைய இப்படி இருக்கும்: மைதா 150 கிராம், வெண்ணெய் 115, சீனி 150, ஒரு முட்டை, சாக்லேட் துண்டுகள் 150. இதில் 20 பிஸ்கட் வரும். சாக்லேட் துண்டில் பாதி சீனி என்று வைத்துக்கொண்டால், ஒரு பிஸ்கட்டுக்குள் 11 கிராம் சர்க்கரை. சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன இறுக்கமான அளவு. இரண்டு பிஸ்கட்டிலேயே அது ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நான் தின்றது ஐந்து. காப்பிக்குப் போட்ட சீனி தனி.

எல்லோரையும் போல நானும் முதலில் ஓடியது கருப்பட்டியிடம். பெரியார் நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி கீழமாசி வீதிக்கு நடந்தேன். கடைக்காரர் ஒரு வட்டை உடைத்துக் காட்டி, சீனி கலந்ததென்றால் உடைத்த இடத்தில் மினுமினுக்கும் அக்கா, இது மினுங்காது என்றார். மினுங்கவில்லை. அரைக் கிலோ வாங்கினேன். கேழ்வரகும் அங்கேயே வாங்கி, கழுவிக் காயவைத்து, எங்கள் தெரு மில்லில் நைசாக அரைத்துக்கொண்டேன்.

முதல் தட்டில் மைதாவுக்குப் பதில் முழுக்கக் கேழ்வரகு, சீனிக்குப் பதில் அதே எடைக் கருப்பட்டி. கருப்பட்டியில் மண்ணும் தும்பும் இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஆகவே கை பழகிய வழியில் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, பாகாக ஊற்றினேன். தவறு அங்கேயே நடந்துவிட்டது. பணியாரத்துக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். பிஸ்கட்டுக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. ஓவனில் அது விரியவில்லை, மொறுமொறுக்கவில்லை, உப்பி மேலே எழுந்தது. தொட்டால் பஞ்சு. அத்தை ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, கருப்பட்டிப் பணியாரம்தானே, இதற்கு எதற்கு இவ்வளவு கரண்டு என்று கேட்டார். திட்டுவது போல ஆரம்பித்தாலும் நான்கு தின்றார். எனக்கோ அது நாக்கில் நறநறவென்றது. பச்சை மாவு வாசமும் போகவில்லை.

அந்த நறநறப்புக்கு இரண்டு காரணங்கள். கேழ்வரகில் கோதுமையில் உள்ள பசைப்புரதம் இல்லை, பிடித்து வைக்க ஆளில்லாமல் உதிர்கிறது. அதன் தவிடு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். நான் பிசைந்த கையோடு ஓவனில் தள்ளிவிட்டேன். அடுத்த முறை முதல் கேழ்வரகு மாவைச் சிறு தீயில் ஆறேழு நிமிடம் வறுத்து, வாசம் மாறியதும் இறக்கி, பாதிக்குப் பாதி முழுக்கோதுமை மாவு சேர்த்து, பிசைந்ததை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். வறுத்த கேழ்வரகின் வாசம் கோகோவோடு அப்படி ஒட்டிக்கொள்கிறது. இரண்டையும் ஒரே சல்லடையில் சலிக்கும்போது எது எங்கே முடிகிறது என்று மூக்குக்குத் தெரிவதில்லை. இந்தப் பரீட்சை முழுவதிலும் எனக்கு எதிர்பாராமல் கிடைத்த நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

கருப்பட்டியைக் கரைப்பதற்குப் பதில் கத்தியால் சீவினேன். அரிவாள்மனை இன்னும் வசதி. சீவியதை ஒரு நாள் வெயிலில் துணி போட்டு உலர்த்தி, மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, நைஸ் சல்லடையில் சலித்தால் மண்ணும் தும்பும் மேலே நின்றுவிடும். பொடி மணல் தப்பி விழலாம். ஆகவே வட்டின் அடிப்பக்கத்தை ஒரு விரற்கடை சீவி ஒதுக்கி, அதைப் பானகத்துக்கு வைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் தட்டைச் செய்தது அழகர் ஆற்றில் இறங்கிய வாரம். வெளியே வெயில் 39-ஐத் தாண்டியிருந்தது. செய்முறையில் வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சாக்லேட் துண்டு போட்ட இந்த வகைப் பிஸ்கட் 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ரூத் வேக்ஃபீல்டு என்ற பெண்மணி தன் விடுதிச் சமையலறையில் உருவாக்கியது. அந்த ஊர் அறை 20 டிகிரி. நம் சமையலறை சித்திரையில் 35. வெண்ணெய் உருகத் தொடங்குவதே முப்பதை ஒட்டித்தான். நான் மேடை மேல் வைத்த வெண்ணெய் கால் மணியில் கிண்ணத்தில் தளும்பியது. அப்படியே சேர்த்துப் பிசைந்து வைத்த பன்னிரண்டு உருண்டைகளும் ஓவனுக்குள் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொண்டன. கதவைத் திறந்தால் தட்டளவுக்கு ஒரே அப்பளம். அடியில் கரி, மேலே ஈரம்.

விரிந்ததற்கு வெண்ணெய் காரணம் என்பது புரிந்தது. இப்போது அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, துண்டு போட்டு, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற பதம் வந்ததும் உடனே குழைக்கிறேன். சித்திரையில் அதற்கு ஏழெட்டு நிமிடம் போதும். ஆனால் ஒன்பது நிமிடத்தில் அடி கரிந்தது ஏன்? ஓவன் திருகைச் செய்முறை சொன்னபடி 170-இல்தான் வைத்திருந்தேன்.

இங்கே சீனி உதவிக்கு வந்தது. சீனி ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் விரலளவு குழி செய்து, ஒரு தேக்கரண்டி சீனியைப் போட்டு, ஓவன் நன்றாகக் காய்ந்த பிறகு நடுத்தட்டில் கால் மணி நேரம் வைத்தேன். திருகு 170. அந்தக் கணக்குப்படி சீனி சீனியாகவே இருக்க வேண்டும். நானும் மகனும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏழாம் நிமிடம் ஓரத்துச் சீனி நனைந்தது போலக் கறுத்தது, பத்தாம் நிமிடம் நடுவில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு, பிறகு மொத்தமும் சரிந்து பாகானது. திருகு பொய் சொல்கிறது. 160-க்குக் குறைத்து, புதுக் குழியில் வைத்தேன். ஓரம் மட்டும் உருகியது. 150-இல் கால் மணிக்குப் பிறகும் கலகலவென்று கொட்டியது. பிறகு ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தபோது, என் ஓவனின் 150 என்பது உண்மையில் 170-க்கும் 178-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெப்பமானி கையில் இல்லாதவர்கள் சீனியைத் தாராளமாக நம்பலாம். பிஸ்கட்டில் சீனியே வேண்டாம் என்று கிளம்பியவளுக்குக் கடைசியில் ஓவனைத் திருத்தியது சீனிதான்.

கரிந்ததற்கு இன்னொரு கூட்டாளி, ஓவனோடு வந்த கறுப்புத் தட்டு. கறுப்பு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கீழ்க்கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். வெண்கலக்கடைத் தெருவில் பளபளப்பான அலுமினியத் தட்டு ஒன்றை அளவு பார்த்து வாங்கினேன். பட்டர் பேப்பர் விரித்து, நடு அடுக்கில் வைத்ததும் அந்தத் தொல்லை முடிந்தது. மின்சாரத்தைப் பற்றி ஒரு வரி: இது 1,500 வாட் இழுக்கும் பொருள், கைபேசி சொருகும் சின்ன பிளக்கில் போடக் கூடாது, 16 ஆம்பியர் பிளக் வேண்டும். ஒரு முறை செய்ய அதிகம் போனால் ஒரு யூனிட்.

மூன்றாம் தட்டு பார்க்க லட்சணமாக வந்தது. விரிப்பு சரி, நிறம் சரி, ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. கடித்தால் சோப்பு. மகன் துப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தான். இரண்டு நாள் யோசித்த பிறகு கோகோ டப்பாவைத் திருப்பிப் படித்தேன். பொடி எழுத்தில் அமிலச் சீராக்கி 501 என்று இருந்தது. கோகோ இயல்பில் சற்றுப் புளிப்பானது. 19-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரான வான் ஹூட்டன் அதைக் காரத்தோடு (மிளகாய்க் காரமல்ல, சோடா போன்ற காரம்) சேர்த்துப் புளிப்பை அடக்கும் முறையைக் கொண்டுவந்தார். நிறம் கறுப்பாகும், சுவை மெத்தென்று இருக்கும். 500, 501 என்ற எண்கள் உறையில் இருந்தால் பெரும்பாலும் அது அப்படிக் காரம் சேர்த்த கோகோதான். சமையல் சோடாவுக்கு வேலை செய்ய ஒரு புளிப்பு வேண்டும். வெளிநாட்டுச் செய்முறைகளில் பழுப்புச் சர்க்கரையும் இயல்பான கோகோவும் அந்தப் புளிப்பைக் கொடுத்துவிடும். என் கலவையிலோ கோகோவில் புளிப்பு இல்லை. கருப்பட்டியையும் நம்ப முடியாது; பதநீர் புளிக்காமல் இருக்கத்தானே கலயத்தில் சுண்ணாம்பே தடவுகிறார்கள்! தனியாக நின்ற சோடாதான் நாக்கில் சோப்பாக ஏறியது. சோடாவைக் கால் தேக்கரண்டிக்குக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி புளித்த தயிர் சேர்த்தேன். சோப்பு போய்விட்டது.

நான்காம் தட்டு என் பேராசைக்குக் கிடைத்த கூலி. எல்லாம் சரியாகிவிட்டது, இனி இன்னும் ஆரோக்கியமாக்கலாம் என்று கருப்பட்டியை 40 கிராமுக்கும் வெண்ணெயை 30 கிராமுக்கும் இறக்கினேன். ஓவனுக்குள் வைத்த உருண்டை வைத்தபடியே வெளியே வந்தது; மேலே என் விரல் ரேகைகூடக் கலையவில்லை. ஆறியதும் பொருள்விளங்காய் உருண்டை. அத்தை இரண்டு நாள் அதைக் காப்பியில் ஊறவைத்துத் தின்று தீர்த்தார், பொருளை வீணாக்கக் கூடாது என்பதற்காக. இனிப்பு தருவது மட்டும் சர்க்கரையின் வேலையல்ல. சூட்டில் இளகி மாவை விரிய விடுகிறது, ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, நிறம் கொடுக்கிறது. கொழுப்பு மாவைச் சுற்றிக்கொண்டு இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே நாளில் வீட்டை விட்டுத் துரத்தினால் செங்கல்தான் மிஞ்சும்.

சாக்லேட் கதை தனி. கேக் சாமான் விற்கும் கடைகளில் கட்டியாகக் கிடைப்பது பெரும்பாலும் காம்பவுண்ட். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். நம் வெயிலில் உருகாமல் நிற்பதால் கடைக்காரர்களுக்கு அது வசதி. உறையில் எடை அதிகமான பொருள்தான் முதலில் எழுதப்பட்டிருக்கும். நான் எடுத்துப் பார்த்த மூன்றிலும் முதல் பெயர் சீனி. தேடிப்பிடித்து 70 சதவீத டார்க் சாக்லேட் வாங்கினேன். மீதி முப்பது பெரும்பாலும் சீனிதான், ஆனாலும் பாதியை விட முப்பது குறைவுதானே. நடுப்பகலில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தது மடத்தனம். கோகோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகிவிடும். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உறைக்குள் அது கூழாக இருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் மேலே சாம்பல் பூத்தது போல வெள்ளை. பூசணம் பிடித்துவிட்டது, கொட்டு என்றார் அத்தை. பூசணம் இல்லை, உருகிய கொழுப்பு ஒழுங்கில்லாமல் உறைந்து மேலே வந்து படிந்த பூச்சுதான் அது. விரலால் தேய்த்தால் மறைகிறது. ஓவனுக்குள் மறுபடி உருகத்தானே போகிறது என்று நறுக்கிச் சேர்த்துவிட்டேன்.

ஐந்தாம் தட்டு, இப்போது வீட்டில் நிலைத்திருப்பது: வறுத்த கேழ்வரகு மாவு 70 கிராம், முழுக்கோதுமை மாவு 60, கோகோ 20, கால் தேக்கரண்டி சோடா, இரண்டு சிட்டிகை உப்பு எல்லாம் ஒன்றாகச் சலித்தது. குழைத்த வெண்ணெய் 60, அதோடு வறுத்துத் தோல் நீக்கி எண்ணெய் விடும் வரை அரைத்த நிலக்கடலை விழுது 50. வெண்ணெயில் பாதியைக் கடலை ஏற்றுக்கொண்டதும் செங்கல் மறுபடி பிஸ்கட்டானது. இந்த யோசனை அத்தையுடையது, கடலை மிட்டாய் ஏன் கல்லாவதில்லை என்று யோசி என்றார். (கடலை மிட்டாய் கல்தான். அதை நான் சொல்லவில்லை.) கருப்பட்டிப் பொடி 70 கிராமை வெண்ணெய், கடலை விழுதோடு சேர்த்து நன்றாகத் தேய்த்து, ஒரு முட்டை, புளித்த தயிர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து அடித்து, மாவைக் கொட்டி மரக்கரண்டியால் மட்டும் கலக்க வேண்டும். நறுக்கிய சாக்லேட் 50. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். பிறகு 20 கிராம் உருண்டை, எலுமிச்சையில் சிறியது. இது தானாக அதிகம் விரியாது, உள்ளங்கையால் அரை விரல் கனத்துக்கு அழுத்தித்தான் வைக்க வேண்டும். உண்மையான 170 டிகிரியில் 11 அல்லது 12 நிமிடம். எடுக்கும்போது நடு மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளக் கூடாது. தட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் தானாக இறுகும். ஓரம் மொறுக்கும், நடு மெல்லும். 22 பிஸ்கட்.

இனி நேர்மையான கணக்கு. கருப்பட்டியை முழுக்கச் சர்க்கரையாகவே எண்ணுகிறேன், ஏனென்றால் அதில் இருப்பதும் பெரும்பாலும் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டி என்றதும் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. முதல் தட்டில் நானும் அந்த நினைப்பில்தான் 150 கிராம் போட்டேன். இரத்தத்துக்குப் பனை என்றும் கரும்பு என்றும் ஜாதி தெரியாது. 70 கிராம் கருப்பட்டியும், சாக்லேட்டில் உள்ள 15 கிராமும் சேர்த்து 85. ஒரு பிஸ்கட்டுக்கு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முன்பு 11. கலோரி 139-இலிருந்து 84 ஆகியிருக்கிறது. அதைப் பார்த்து ஒரு மாலை முழுவதும் பூரித்துப்போயிருந்தேன். பிறகு மகன் கேட்டான், பழைய பிஸ்கட் 30 கிராம், உங்களுடையது 20 கிராம்தானே என்று. மறுபடி கணக்குப் போட்டால், பழைய மாவில் கிராமுக்கு 4.6 கலோரி, என் மாவில் 4.2. அவ்வளவுதான் வித்தியாசம். கடலையும் வெண்ணெயும் கொழுப்புதானே. சர்க்கரை மட்டும் எடையில் 37 சதவீதத்திலிருந்து 19 ஆகப் பாதியானது. மாவில் தவிடும் நாரும் கூடின. மற்றப் பெருமையெல்லாம் உருண்டையைச் சிறிதாக்கியதற்குத்தான். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து உண்டுதான், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். என் பிஸ்கட் ஒன்றுக்குப் பங்கு பிரித்தால் 11 மில்லிகிராம். இதை வைத்துக்கொண்டு சத்துணவு என்று யாரிடமும் சொல்ல முடியாது.

நான் இப்போது மாலையில் தின்பது இரண்டு. ஐந்திலிருந்து இரண்டுக்கு வந்ததற்குச் செய்முறை காரணமில்லை, எண்ணிக்கைதான் காரணம். 22 பிஸ்கட்டும் டப்பாவில் இருந்தால் கை போய்க்கொண்டேதான் இருக்கும். போதாக்குறைக்குக் கருப்பட்டி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து மூன்றாம் நாளே நமுத்துவிடும், நமுப்பதற்குள் தீர்க்க வேண்டும் என்று ஒரு சாக்கும் கிடைக்கும். ஆகவே மாவை உருண்டையாக்கி, தட்டி, தட்டோடு உறையவைத்து, பிறகு டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரிலேயே வைத்துவிடுகிறேன். தினமும் ஆறு மட்டும், ஆளுக்கு இரண்டு, உறைந்தபடியே ஓவனுக்குள். இரண்டு நிமிடம் கூடுதல்.

வெள்ளிக்கிழமை இரவு ஃப்ரீசரில் பதினாறு இருந்தன. சனியும் ஞாயிறும் ஆறாறு சுட்டோம், மீதி நான்கு இருக்க வேண்டும். இன்று காலை பார்த்தால் ஒன்று. பச்சை முட்டை போட்ட மாவு, வயிற்றுக்கு ஆகாது என்று பொதுவாக இருவருக்கும் கேட்கும்படி சொல்லி வைத்தேன். மகன் அத்தையைப் பார்த்தான். அத்தை காப்பியைப் பார்த்தார்.